பதினோரு மணிப் பட்டியல்

கடிகாரம் ஐந்து இருபத்தொன்பது காட்டியது. விமானி அறையில் எப்போதும் உலகப் பொது நேரம்தான், அதோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் நம்மூர் நேரம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடக்கூடிய அந்தக் கணக்கை பிரிசில்லா இன்றைக்கு விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தாள். பத்து ஐம்பத்தொன்பது. இன்னும் ஒரு நிமிஷம். பதினோரு மணிக்கு சீனியாரிட்டிப் பட்டியல் வெளியாகும் என்று நிர்வாகம் நேற்றே அறிவித்திருந்தது, பதினோரு மணி என்றால் பதினோரு மணிதான், சில்வர்லைன்காரர்கள் ஆளை அலையவிட்டாலும் நேரத்தில் சுத்தம். ஆக இன்னும் ஒரு நிமிஷத்தில் மும்பையில் யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அழுத்துவார், அந்த நொடியிலிருந்து அவளுடைய எதிர்காலம் ஊருக்கெல்லாம் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் அவள் பதினாறாயிரம் அடி உயரத்தில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு அறுபத்தெட்டு பேரைச் சுமந்துபோகும் ஏடிஆர் விமானத்தின் வலது இருக்கையில், ஒன்பது வருஷமாக உட்கார்ந்த அதே துணை விமானி இருக்கையில் இருந்தாள். கைபேசி பின்னால் பைக்குள் வாயடைத்துக் கிடந்தது. ஐந்து முப்பது. ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு எஞ்சின்களும் ஒரே சுருதியில் உறுமின, கீழே எங்கேயோ ஒரு ஏரி வெயிலில் பளிச்சென்று அடித்துவிட்டு மறைந்தது, இடது இருக்கையில் கேப்டன் நவீன் சுந்தரவரதன் வாட்டர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அவனுக்கும் பதினோரு மணி ஆகியிருந்தது. அவனும் அந்தப் பட்டியலில்தான் இருந்தான், கேப்டன்கள் வரிசையில். இதைவிடப் பொருத்தமாக ஜோடி போட மனுஷனால் முடியாது, டூட்டி போடுகிற கம்ப்யூட்டரால்தான் முடியும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருபது பேர். இந்த வருஷம் இருபது துணை விமானிகளை கேப்டன் பயிற்சிக்கு எடுக்கப்போகிறார்கள், பட்டியலில் மேலிருந்து இருபது பேர், அதற்குப் பிறகு புது விமானங்கள் வருகிற வரைக்கும் நாலு வருஷமோ ஐந்து வருஷமோ ஒருவரையும் எடுக்க மாட்டார்கள், நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களை எப்போதும் எடுக்க மாட்டார்கள், அது சில்வர்லைனின் விதி. அவளுக்கு நாற்பத்துமூன்று. இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க உலகப் பொது நேரமெல்லாம் தேவையில்லை. இருபதுக்குள் வந்தால் கேப்டன், இருபத்தொன்றாக வந்தால் வலது இருக்கையிலேயே தலை நரைத்து இறங்க வேண்டியதுதான். போன வருஷம் வந்த முதல் பட்டியலில் அவள் நூற்று முப்பத்தொன்று. அந்த எண்ணை முதன்முதலாகப் பார்த்தபோது அம்பத்தூர் வீட்டில் தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள், ஊற்றிய தோசையைத் திருப்பிப் போடாமல் நின்றிருந்தாள், கருகிய வாசனைக்குக் கணவன் எட்வின் ஓடிவந்து அடுப்பை அணைத்தான், என்ன ஆச்சு என்று கேட்டவனிடம் நூற்று முப்பத்தொன்று என்று மட்டும் சொன்னாள். இப்போதும் எங்கே பார்த்தாலும் நூற்று முப்பத்தொன்று. வேகமானி நூற்று முப்பத்தொன்றைத் தாண்டும்போது, ஏறும்போதும் இறங்கும்போதும், ஒரு சின்ன குத்து. பஸ்ஸில் சீட் எண். ரேஷன் கடையில் வரிசை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, எண்கள் பாட்டுக்கு எண்களாக இருக்கின்றன, ஆனால் ஒரு எண் ஆளைப் பிடித்துக்கொண்டால் விடுவதில்லை. ஐந்து முப்பத்திரண்டு. எரிபொருள் சரி. எண்ணெய் அழுத்தம் சரி. இந்தப் போக்கு அவளுடையது, திரும்பிப் போவது அவனுடையது. அப்படித்தான் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள், கேப்டன் யாராக இருந்தாலும். விமானத்துக்கு சீனியாரிட்டி தெரியாது, கையில் யார் பிடித்தாலும் பறக்கும், அந்த ஒரு குணத்துக்காகவே அவளுக்கு விமானத்தைப் பிடிக்கும்.

பொதிகை ஏர். ஏழு விமானங்கள், அறுபத்துமூன்று விமானிகள், பல்லாவரத்தில் டயர் கடைக்கு மேலே ஒரு மாடி, அதுதான் அவள் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி. முதல் நாள் வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் போனார்கள், ஜூலை பதினாலாம் தேதி, மழை தூறிக்கொண்டிருந்தது, கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்தில் வாத்தியார் சொன்னது பாதி கேட்கவில்லை. அன்றிலிருந்து எட்டு மாதம் வகுப்பு, சிமுலேட்டர் என்கிற பொம்மை விமானத்தில் பயிற்சி, நிஜ விமானத்தில் பயிற்சி, பரீட்சைக்கு மேல் பரீட்சை. எல்லாம் முடிந்து, பயிற்சியாளர் இல்லாமல் பயணிகளை ஏற்றிப் பறக்கலாம் என்று கையெழுத்தான பிறகுதான் பொதிகையில் வேலைக்கான கடிதம் தருவார்கள், அது வரைக்கும் கழுத்தில் ஒரு நுழைவுச் சீட்டு, அவ்வளவுதான். அங்கே அதுதான் வழக்கம். கடிதம் கிடைத்த மார்ச் ஒன்பதாம் தேதியை அவர்கள் பன்னிரண்டு பேரும் பிறந்தநாள் மாதிரி வருஷா வருஷம் கொண்டாடினார்கள், யார் எந்த ஊரில் இருந்தாலும் ஒருத்தராவது கேக் வெட்டி மற்றவர்களுக்குப் படம் அனுப்புவார்கள். அந்தக் கேக்தான் வினையாகப் போயிற்று. சில்வர்லைன் பொதிகையை வாங்கியதும் இரண்டு பக்கத்து விமானிகளையும் ஒரே வரிசையில் நிறுத்த ஒரு குழு போட்டார்கள், குழு ஒரு படிவம் அனுப்பிற்று, படிவத்தில் ஒரு கட்டம், பணியில் சேர்ந்த நாள். எல்லாரும் எழுதினார்கள். அவளும் எழுதினாள், நல்ல நீலப் பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாமல், மார்ச் ஒன்பது என்று எழுதினாள். ஜூலை பதினாலு என்று எழுத ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. கேக் வெட்டுகிற நாள் அல்லவா சேர்ந்த நாள். அறுபத்துமூன்று பேரும் தங்கள் கழுத்துக்குத் தாங்களே கயிறு திரித்துக் கொடுத்தார்கள், அதில் அவள் திரித்தது கொஞ்சம் அழகாகவே இருந்தது.

பிறகு சண்டையென்றால் சண்டை. நாங்கள்தான் மதுரை ஓடுபாதையில் மழையில் இறக்கினோம், உங்களுக்கு என்ன தெரியும் என்று இவர்கள். எங்கள் கம்பெனி உங்கள் கம்பெனியை வாங்கியது, வாங்கியவன் முன்னால் நிற்பான் என்று அவர்கள். பறந்த மணிநேரத்தை வைத்து வரிசைப்படுத்து, வயதை வைத்து வரிசைப்படுத்து, ஆளுக்கொரு வக்கீல், வாட்ஸாப்பில் விடிய விடிய வாய்ச்சண்டை, கிண்டி கேன்டீனில் இரண்டு பக்கமும் தனித்தனி மேஜை. ஒரு தடவை சில்வர்லைன் பையன் ஒருவன், இருபத்தெட்டு வயது இருக்கும், அவளுக்கு நூறு இடம் முன்னால் நிற்கிறவன், லிஃப்டில் அவளைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு ஆன்ட்டி நீங்க முதல்ல போங்க என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரிந்தது. அவள் படியில் இறங்கிப் போனாள், ஆறு மாடி. குருபரன் போன மாதம் வேலையை விட்டுவிட்டான், அவர்கள் பன்னிரண்டு பேரில் கெட்டிக்காரன் அவன்தான், கோயம்புத்தூரில் மாமனாரின் மோட்டார் பம்பு கடையில் உட்கார்ந்திருக்கிறான், போன் பண்ணினால் நல்லா இருக்கேன் பிரிசி என்கிறான், பின்னால் பம்பு ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஐந்து முப்பத்தெட்டு. அவன் இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். பொறுத்திருந்து என்ன, பட்டியலில் மறுபடியும் அதே நூற்று முப்பத்தொன்று இருந்தால். இருக்காது. இருக்கலாம். பட்டியலைத் திருத்தச் சொல்லி அவள் போட்ட வழக்கை விசாரித்த நடுவர் அன்றைக்கு அவளைப் பார்த்த பார்வையில் ஒன்றும் தெரியவில்லை, ஓய்வுபெற்ற நீதிபதிகள் முகத்தைக் கழுவித் துடைத்து வைத்திருப்பார்கள், எதுவும் ஒட்டாது.

அம்மாவுக்கு இப்படித்தான் ஆயிற்று. நேசமணி, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர், முப்பத்திரண்டு வருஷம் காதில் மாட்டிய கருவியோடு. இரண்டு எக்ஸ்சேஞ்சை ஒன்றாக்கியபோது அம்மாவை எங்கோ கீழே தள்ளிவிட்டார்கள், யாரோ வழக்குப் போட்டார்கள், வழக்கு பதினோரு வருஷம் நடந்தது, அம்மா பக்கம் தீர்ப்பாயிற்று, சூப்பர்வைசர் ஆக்கினார்கள், ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. சூப்பர்வைசருக்குக் கை வைத்த நாற்காலி. இரண்டு மாதம் அம்மா அதில் உட்கார்ந்தாள். எப்படிம்மா இருந்துச்சு என்று பிற்பாடு கேட்டதற்கு நல்ல நாற்காலி என்றாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெயிப்பதிலும் இப்படி ஒரு விதம் இருக்கிறது என்பதுதான் பிரிசில்லாவுக்குப் பயம். தோற்பதுகூடப் பரவாயில்லை, தோற்றால் கோபப்படலாம், கத்தலாம், பம்பு கடைக்குப் போகலாம். நியாயம் உன் பக்கம்தான், ஆனால் நாள் கடந்துவிட்டது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று நடுவர் எழுதியிருந்தால் என்ன செய்வது. அடுத்த தடவை அவளுக்கு நாற்பத்தெட்டு. காலையில் இட்லி சாப்பிடாமல் வந்தது தப்பு. பின்னாலிருந்து பணிப்பெண் கூப்பிட்டு காபி வேண்டுமா என்று கேட்டாள், நவீன் வேண்டாம் என்றான், அவளும் வேண்டாம் என்றாள், இரண்டு பேரும் வேண்டாம் என்றும் பணிப்பெண் சிரித்துக்கொண்டே இரண்டு காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எல்லாருக்கும் தெரியும் இன்றைக்கு என்ன நாள் என்று.

"மணி பதினொண்ணேகால் ஆகப்போகுது மேடம்," என்றான் நவீன்.

ஆகப்போகுது என்றாள். அவன் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு ரேடாரைப் பார்த்தான், பார்க்க அதில் ஒன்றுமில்லை, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இன்னும் பத்து நிமிஷத்தில் இறங்க ஆரம்பிக்க வேண்டும், பத்தாயிரம் அடிக்குக் கீழே போய்விட்டால் விமானத்தைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது சட்டம், ஆகையால் பேச வேண்டியதை இப்போதே பேசிவிட வேண்டும் என்று அவன் நினைக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. எதைப் பேசுவான் என்பதும் தெரிந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், மதுரையில், ஓட்டலுக்குப் போகிற வேனில், சும்மா பொழுது போகாமல் அவன் பேசிக்கொண்டு வந்தான், அப்போது இரண்டு கம்பெனியும் சேர்ந்து புதிது, படிவமெல்லாம் எழுதிக் கொடுத்து முதல் பட்டியல் வந்து எல்லாரும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். சில்வர்லைனில் சேர்ந்த கதையைச் சொன்னான். முதல் நாள் வகுப்பிலேயே கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்களாம், இன்னும் ஒரு பாடம்கூடப் படிக்கவில்லை, விமானத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அவனுடைய அம்மா அந்தக் கடிதத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்டு சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாளாம். அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு கதவு படாரென்று திறந்தது. முதல் நாளே கடிதம். அவர்களுக்குக் கடிதம் முதல் நாள், எங்களுக்குக் கடிதம் கடைசி நாள். குழு கடிதத்தின் தேதியை எடுத்து வரிசை போட்டிருக்கிறது. எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில்தான் சில்வர்லைன் கும்பல் கும்பலாக ஆள் எடுத்தது. அத்தனை பேரும் அவளுக்கு முன்னால் நிற்கிறார்கள், அவள் ஏற்கெனவே பல்லாவரத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது இன்னும் வேலைக்கு மனுப்போடாதவர்கள். அத்தனை வக்கீல்களுக்கும் தோன்றாதது, அறுபத்துமூன்று பேருக்கும் தோன்றாதது, அந்த வேனில், ஒரு பிள்ளையாரால் தோன்றிற்று.

அன்றிலிருந்து அவள் தனி ஆளாக அலைந்தாள். பல்லாவரம் வகுப்பின் வருகைப் பதிவேடு பழைய குமாஸ்தா ஒருவரின் வீட்டுப் பரண்மேல் இருந்தது, அதைத் தேடிப் பிடித்தாள், பன்னிரண்டு பேரின் கையெழுத்தும் ஜூலை பதினாலில் வரிசையாக இருந்தது, குருபரனுடையது எப்போதும் போலக் கோணல். நடுவர் முன்னால் நாலே நிமிஷம் பேசினாள். கம்பெனி வக்கீல் எழுந்து, இந்தப் படிவத்தில் மார்ச் ஒன்பது என்று எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். அப்போது பொய் சொன்னீர்களா, இப்போது சொல்கிறீர்களா. அறையில் ஒருத்தர் இருமினார். அப்பவும் பொய் இல்லை, இப்பவும் பொய் இல்லை, எங்களுக்கு அன்னைக்குத்தான் கடிதம் வந்தது, அதையே பிறந்தநாள்னு நெனச்சிட்டோம் என்றாள், கேக் விஷயத்தையும் சொன்னாள், நடுவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சில்வர்லைன் வழக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று வக்கீல் கேட்டதற்கு ஒரு கேப்டன் சொன்னார் என்றாள். பேரைச் சொல்லவில்லை. ஆனால் யார் யாரோடு மதுரையில் தங்கினார்கள் என்று பார்க்க டூட்டி அட்டவணை போதாதா, இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றான் நவீன். அவளைப் பார்க்காமல் முன்னால் வானத்தைப் பார்த்துக் கேட்டான். "மதுரை வேன்ல நான் சொன்னதை வச்சுத்தானே நீங்க கேஸ் போட்டீங்க?"

இல்லை என்று சொல்லலாம். பதிவேடு கிடைத்தது, அதிலிருந்து தெரிந்தது என்று சுற்றி வளைக்கலாம், அவன் நம்புவதுபோல நடிப்பான், காபி ஆறும், தூத்துக்குடி வந்துவிடும்.

"ஆமா," என்றாள். "நீங்க சொன்னதுதான். நீங்க சொல்லலைன்னா எனக்குத் தோணியிருக்காது."

"எங்க பசங்க என்னை குரூப்லேருந்து தூக்கிட்டாங்க. தெரியுமா?"

தெரியும் என்றாள். அவனுக்கும் இதில் நஷ்டம் இருந்தது, அதுவும் தெரியும். அவன் தோளிலிருக்கும் நாலு கேப்டன் பட்டையை யாரும் பிடுங்கப்போவதில்லை, ஆனால் அடுத்த கோடையில் ஜெட் விமானத்துக்கு மாறுகிற கேப்டன்களை இதே வரிசையில்தான் எடுப்பார்கள், பொதிகைக்காரர்கள் எட்டு மாதம் மேலே ஏறினால் அவன் கீழே போவான். வாய்விட்டுச் சிரித்துப் பேசியதற்கு ஒரு ஜெட் விமானம்.

"இதுக்கு நடுவுல நாம நாலு தடவை சேர்ந்து பறந்தாச்சு. நீங்க ஒரு சாரி சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு தடவையும் நெனச்சேன்."

"சொல்ல மாட்டேன்," என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரல் நடுங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "நீங்க பொய் சொல்லல, நானும் பொய் எழுதல. எட்டு மாசம் நான் அங்க உக்காந்து படிச்சேன். அது நெசம். நெசத்துக்கு எப்படி சாரி சொல்றது?"

அது நெசம்தான் என்றான் அவன், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிறவன் மாதிரி, அதில் கோபம் இருந்ததா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. காபியை எடுத்துக் குடித்தான். அவளும் எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது, இருந்தும் காலையிலிருந்து வாய்க்கு ருசித்த முதல் பொருள் அதுதான். ஒன்றரை வருஷமாக இந்த ஆள் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் திருடிவிட்டு வந்தவளைப் போலக் கூசிக்கொண்டிருந்தாள், எதைத் திருடினாள், தன்னுடைய எட்டு மாதத்தையா. தன் பொருளைத் தன் வீட்டிலிருந்து எடுத்ததற்கா இத்தனை கூச்சம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பட்டியலில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், இது ஒன்று முடிந்தது என்று நினைத்தாள், நினைத்த மறு நொடியே என்ன வேண்டுமானாலும் எப்படி இருக்கலாம், இருபதுக்குள் இருக்க வேண்டும், இருபதுக்குள், இருபதுக்குள் என்று மனசு பழையபடி செக்கைச் சுற்ற ஆரம்பித்தது. ஐந்து ஐம்பத்தைந்து. வானொலியில் சென்னைக் கட்டுப்பாட்டுக்காரன் இனிமேல் தூத்துக்குடியோடு பேசச் சொன்னான். இறங்கலாம்.

பதினைந்தாயிரம், பதினாலாயிரம், உயரமானி எண்களை உதிர்த்துக்கொண்டே இறங்கியது, ஒவ்வொரு எண்ணும் ஒரு இடமாக, யாரோ ஒருவருடைய பேராக அவளுக்குத் தெரிந்தது, பதினாலாயிரத்தில் லிஃப்ட் பையன், பதின்மூன்றாயிரத்தில் அவனுடைய நண்பர்கள், எல்லாரும் படிப்படியாக நின்றுகொண்டு அவள் கீழே போவதைப் பார்த்தார்கள். என்ன கூத்து இது, மேலே போகத்தானே இவ்வளவு பாடு. பத்தாயிரம். அத்தோடு பேச்சு அடைத்துவிட்டது, உள்ளே மட்டும் அடைக்கவில்லை. ஒன்பதாயிரத்து நூற்று முப்பத்தொன்று கண்முன்னே வந்து போயிற்று, அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். அம்மா இப்போது டிவி முன்னால் இருப்பாள். எட்வின் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் கைபேசியை மடியில் வைத்துப் பட்டியலைப் பார்த்திருப்பான், பார்த்துவிட்டு என்ன செய்வான், மெசேஜ் அனுப்புவானா, நல்லதாக இருந்தால் அனுப்புவான், கெட்டதாக இருந்தால் வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று விட்டுவிடுவான், அவனைப் பற்றி அவளுக்குத் தெரியாததா. அப்படியானால் கைபேசியைத் திறந்ததும் அவனிடமிருந்து ஒன்றும் இல்லை என்றால் அதுவே பதில். கடற்கரை தெரிந்தது. உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வெள்ளையும் சாம்பலுமாக விரிந்தன. தெற்கிலிருந்து காற்று இருபத்திரண்டு நாட், பக்கவாட்டில், என்றது கட்டுப்பாட்டு கோபுரம். நவீன் அவளை ஒரு பார்வை பார்த்தான். வேண்டுமென்றால், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கேப்டன் சொல்லலாம், அது அவனுடைய உரிமை, இந்தக் காற்றில் பல பேர் சொல்வார்கள். அவன் சொல்லவில்லை. அவள் விமானத்தின் மூக்கைக் காற்றுப் பக்கம் கோணலாகத் திருப்பி வைத்து, ஓடுபாதையை இடது கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இனிமேல் யோசிக்க ஒன்றுமில்லை, கைக்கும் காலுக்கும்தான் வேலை. ஐந்நூறு அடி. ஒரு தூக்கு தூக்கிப் போட்டது, திருத்தினாள். நூறு. ஐம்பது. கடைசி நொடியில் காலால் மிதித்து மூக்கை நேராக்கி, வலது சக்கரத்தை முதலில் வைத்து, அப்புறம் இடதை வைத்து, தரையில் ஓடவிட்டாள். பின்னால் யாரோ ஒரு பயணி கைதட்டியது விமானி அறைக்கதவைத் தாண்டிக் கேட்டது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக முப்பது நொடி அவள் எந்த எண்ணையும் நினைக்கவில்லை.

எஞ்சின்கள் அணைந்தன, பயணிகள் இறங்கினார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பைக்குள் கையை விட்டார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எடுத்தார்கள். சிக்னல் வர ஒரு யுகம். எட்வினிடமிருந்து ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. சரி, அவ்வளவுதான், நல்ல நாற்காலி, அவ்வளவுதான் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே போக, விரல் அதுபாட்டுக்குப் பட்டியலைத் திறந்தது, துணை விமானிகள் என்ற தலைப்புக்குப் போயிற்று, வேறு எங்கும் போகத் தெரியாமல் நேராக நூற்று முப்பத்தொன்றுக்குப் போயிற்று. அங்கே வேறு யாரோ இருந்தார்கள். கோட்டயத்துக்காரர் ஒருவரின் பெயர். அவள் அந்தப் பெயரை மூன்று தடவை படித்தாள். மேலே நகர்த்தினாள், நூறு, இல்லை, எண்பது, இல்லை, ஐம்பதில் பொதிகைக்காரர் ஒருவர், நாற்பதில் இரண்டு பேர், அடுத்தடுத்துப் பழைய பெயர்கள் புற்றிலிருந்து கிளம்புவதுபோல் வந்தன, முப்பது, இருபத்திரண்டு, அவள் இல்லை, இருபது, இல்லை, அப்படியென்றால் விட்டுவிட்டார்களா, பத்தொன்பது, பதினெட்டு. பதினேழு. ஞானதுரை பிரிசில்லா. பணியில் சேர்ந்த நாள், ஜூலை பதினாலு. அந்த நேரம் பார்த்து எட்வினின் மெசேஜ்கள் மொத்தமாக வந்து விழுந்தன, முதலில் பதினேழு என்று ஒன்று, அப்புறம் பதினேழு என்று இன்னொன்று, அப்புறம் வெறும் எண் மட்டும் பதினோரு தடவை, கடைசியில் அம்மா போனில் அழுகிறாள் என்று ஒன்று. அவளுக்கும் கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. வேறு பேர் அதற்கு இல்லை, சந்தோஷம்தான். பட்டியலில் குருபரனின் பெயரைத் தேடினாள். இல்லை. இருந்திருந்தால் பதினாறு. அந்த இடம் ஒரு நிமிஷம் வலித்தது, அவனுக்கு இன்று சாயங்காலம் அவளேதான் சொல்ல வேண்டும், வேறு யார் சொல்லியும் அவனுக்குத் தெரியக்கூடாது.

நவீன் தன் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான். அவளுடைய எண்ணைக் கேட்டான், சொன்னாள், வாழ்த்துகள் மேடம் என்றான், கையை நீட்டினான், குலுக்கினாள். அவன் கேப்டன் வரிசையில் முப்பத்துநாலு இடம் இறங்கியிருந்தான், அடுத்த கோடை இல்லை, அதற்கடுத்த கோடையும் சந்தேகம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் அழுகை இல்லை, ஆனால் இதை இப்படியே விட்டுவிடுகிறவனின் குரலும் இல்லை.

"நாங்க ஹைகோர்ட் போவோம் மேடம். நானும் கையெழுத்துப் போடுவேன். இப்பவே சொல்லிடறேன்."

"போங்க," என்றாள். "நானும் வருவேன். எதிர் பெஞ்சுல உக்காருவேன். ஆனா நான் உக்காரும்போது தோள்ல நாலு பட்டை இருக்கும்."

அவன் சிரித்துவிட்டான், வேண்டாவெறுப்பாக ஆரம்பித்த சிரிப்பு நிஜமாகவே முடிந்தது, அவளும் சிரித்தாள், இருவருக்கும் இன்னும் சண்டை பாக்கி இருந்தது, அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. திரும்பிப் போகும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது இப்போது அவள் வேலை. இறங்கினாள். தூத்துக்குடி வெயில் நெற்றியில் அறைந்தது, காற்று டையைத் தோளுக்குத் தூக்கிப் போட்டது. சக்கரம் பார்த்தாள், இறக்கை நுனி பார்த்தாள், புரொப்பெல்லரைக் கையால் தடவினாள், எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள், எல்லாவற்றையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள், சந்தேகத்தில் இல்லை, பிரியத்தில். மனசு எதையாவது பிடித்துக்கொண்டு சுற்றும் என்று காத்திருந்தாள். இத்தனை காலப் பழக்கம் ஆயிற்றே. அது சுற்றவில்லை. உப்பு வாசனை வந்தது, உப்பு வாசனையாகவே இருந்தது. மூட்டை ஏற்றுகிறவர்கள் எதற்கோ சத்தம் போட்டார்கள், அது வெறும் சத்தமாகவே இருந்தது. பசித்தது.

மறுபடியும் வலது இருக்கை. பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். இந்தப் போக்கை ஓட்டுவது நவீன், வானொலியில் பேசுவது அவள். பட்டியலைப் படித்தார்கள், எஞ்சினைக் கிளப்பும் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொல்லச் சொல்ல அவன் அடுத்ததைக் கேட்டான். முடிந்ததும் கோபுரத்தைக் கூப்பிட்டு, விமானத்தின் பெயரைச் சொல்லி, சென்னைக்குக் கிளம்ப அனுமதி கேட்டாள். கோபுரத்தில் ஜெபசிங் இருந்தார், ஒன்பது வருஷமாக அவருக்கு அவள் குரல் தெரியும், அவளுக்கு அவர் குரல் தெரியும், ஒரு நாளும் முகம் பார்த்ததில்லை. அனுமதி கொடுத்தார். அவள் அதைத் திருப்பிச் சொன்னாள், விதிப்படி ஒவ்வொரு வார்த்தையாக. வானொலி ஒரு கணம் கரகரத்தது. வேறு விமானம் எதுவும் பக்கத்தில் இல்லை.

"மேடம், குரல் இன்னைக்கு என்னமோ கணீர்னு இருக்கு. என்ன விசேஷம்?"

அவள் நவீனைப் பார்த்தாள். அவன் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு, சொல்லுங்க என்பதுபோலத் தலையை ஒரு அசைப்பு அசைத்தான்.

"பதினேழு," என்றாள் பிரிசில்லா.

"புரியலை, திரும்பச் சொல்லுங்க."

வானொலியில் யாராவது திரும்பச் சொல்லச் சொன்னால் சொல்லியே தீர வேண்டும், நிதானமாக, தெளிவாக, இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அவள் மைக்கை உதட்டுக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"திரும்பச் சொல்றேன். பதினேழு."